கொள்ளு மறந்த வட்டல்

ஈரோடு மாவட்டத்தில் நல்லாம்பட்டி என்றொரு ஊர். காடு தோட்டம் பார்த்துப் பிழைப்பவர்களின் ஊர். கோவை கே.எம்.சி.எச். மருத்துவமனையின் நீரிழிவு மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதனும் அவருடைய குழுவினரும் அங்கே இருபது வயதைக் கடந்தவர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2017ல் அச்சேறின. சோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள், அல்லது அதன் வாசற்படியில் நிற்பவர்கள். நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கு இரத்த அழுத்தம். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொழுப்பு சீர்கெட்டிருந்தது. கிராமத்து இந்தியாவின் நோய்ச்சுமையை நாம் குறைத்து எடைபோடுகிறோமா என்ற கேள்வியைத்தான் அந்த ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாகவே வைத்தார்கள்.

மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையை வைத்து வந்த நீரிழிவுக் கணக்கு இது. இரும்புச்சத்துக் குறைவான சோகை இருப்பவர்களிடம் இந்தச் சோதனை சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். கிராமத்துப் பெண்களிடம் சோகை மிகுதி. அதற்காக ஓரளவு தள்ளுபடி செய்தாலும், மீதமிருப்பது சின்ன எண்ணிக்கையாக இருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இன்டியாப் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. அதன் முதல் கட்டம் 2011ல் வெளியானபோது தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 2023ல் வெளியான முழு அறிக்கையில் அது 14.4. நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்கு நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் நோய்க்கு முந்தைய நிலையில்.

"நானென்ன முட்டாயா திங்கறேன், சோறுதானுங்க திங்கறேன்" என்ற பேச்சை எங்கள் பக்கத்து எந்தத் திண்ணையிலும் கேட்கலாம். நோயின் பெயரே இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டது. 'சக்கர வந்துருச்சு' என்று சொல்லும்போதே, சர்க்கரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் கூட வந்துவிடுகிறது. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் வட்டல் (உண்ணும் தட்டு) நிறையச் சோறோ இட்லியோ சாப்பிடுபவர்களை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சோறு வாயில் இனிப்பதில்லை. குடலுக்குள் போனபின் அது குளுக்கோஸ்தான். நன்றாகத் தீட்டிய அரிசியில் தவிடும் முளையும் போய்விட்டதால், மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்த அங்கே எதுவும் மிச்சமில்லை. இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்புகிறது. தசை உழைத்துக்கொண்டிருந்தால் வாங்கிக்கொள்ளும். சும்மா இருக்கும் தசைக்கு அவ்வளவு தேவையில்லை. மிஞ்சியது கல்லீரலில் கொழுப்பாக மாறுகிறது, வயிற்றைச் சுற்றித் தங்குகிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து பார்க்கிறது. பல ஆண்டுகள் அப்படி ஈடுகொடுத்த பிறகு தளர்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கதை தொடங்கியிருக்கும்.

அந்த ஆண்டுகளில் இரத்தக் குழாய்கள் பாழாகின்றன. விழித்திரை, சிறுநீரகம், பாத நரம்பு மூன்றும் மிக மெல்லிய குழாய்களை நம்பியவை. காலில் கிடந்த செருப்பு கழன்றது தெரியாமல் வரப்பில் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பவரை எங்கள் ஊர்களில் காணலாம். அது மறதி இல்லை. பாதத்தில் உணர்வு போய்விட்டது. அந்தக் காலில் முள் ஏறினால் புண் பெரிதான பிறகுதான் தெரியவரும். பெரிய குழாய்கள் கெட்டால் மாரடைப்பும் பக்கவாதமும். காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. தனித்தனி நோய்களாகத் தனித்தனி மருத்துவர்களிடம் கொண்டுபோகும் பலவற்றுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது.

இந்த நோய் ஏன் கொங்கில் இப்படிப் பரவியது என்று கேட்டால், வட்டலின் வரலாற்றைப் பார்க்காமல் விடை கிடைக்காது.

கொங்கு மழை மறைவு நாடு. மேற்கே மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும். நொய்யல், பவானி, அமராவதிக் கரைகளை விட்டால் மற்றதெல்லாம் மேட்டாங்காடு. 1800ல் இந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இங்கே சோளத்தையும் கம்பையும்தான் எங்கும் கண்டு எழுதினார். 1887ல் வெளிவந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு காட்டுவதும் புன்செய் நாட்டைத்தான். நெல்லஞ்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் உரியது. சாதாரண நாளில் கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி, சாமை.

என் ஆத்தா கம்பை ஈரம் தெளித்து உரலில் குத்தி, தவிட்டைப் புடைத்து, கொரகொரப்பாக உடைத்து உலையில் போடுவார். மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகலாம். இதெல்லாம் இன்று பலருக்கும் தெரிந்ததே. சிறுதானியத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதை விரித்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, அந்தக் கம்மஞ்சோற்றின் மேல் ஊற்றப்பட்டது என்ன என்பதை.

கொள்ளு. வாணலியில் வாசம் வர வறுத்து, மண்சட்டியில் நெடுநேரம் வேகவிட்டு, வெந்த தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, வரமிளகாய், பூண்டு, சீரகம், மல்லி சேர்த்துக் கெட்டியாகக் கடைந்தால் கொள்ளுப்பருப்பு. ஒருநாள் கொள்ளு, ஒருநாள் பச்சைப்பயறு, ஒருநாள் தட்டப்பயறு, தையில் அவரையும் துவரையும் பச்சையாக. சோளக்காட்டிலேயே ஊடுபயிராக அவரையும் தட்டப்பயறும் ஓடும். ஆகவே தானியம் விளைந்த காட்டிலேயே அதோடு சேர்த்து உண்ண வேண்டிய பயறும் விளைந்தது. பருவமழையின் கடைசி ஈரத்தில் விதைத்தால் வேறெதுவும் வராத சரளைமண்ணிலும் கொள்ளு வரும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை இங்கே குழந்தைக்கும் தெரியும்.

நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. தீட்டிய அரிசியில் 8 கிராம் அளவில், கம்பில் 11, ராகியில் 7. பயறுகளின் மாவுச்சத்து நாருக்குள்ளும் செல்சுவருக்குள்ளும் சிக்கிக்கிடப்பதால் மெல்லக் கரைகிறது. கூடச் சாப்பிடும் தானியத்தின் வேகத்தையும் அது மட்டுப்படுத்துகிறது. சென்னையில் மருத்துவர் வி. மோகனின் குழு 2014ல் வெளியிட்ட சிறிய சோதனை ஒன்று இருக்கிறது. உடல் எடை கூடியவர்களுக்கு ஐந்து நாள் வெள்ளைச்சோறும், ஐந்து நாள் தீட்டாத அரிசிச்சோறும், ஐந்து நாள் தீட்டாத அரிசியோடு பயறும் கொடுத்து, உடலில் பொருத்திய கருவியால் நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்தார்கள். தீட்டாத அரிசியில் ஏற்றம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. பயறு சேர்ந்தபோது ஏறத்தாழ 23. கலந்துகொண்டவர்கள் சிலரே என்றாலும், அளவீடு நேரடியானது.

அந்த வட்டல் எப்படி மாறியது? பவானிசாகர் அணை 1955ல் முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் கொண்டுவந்தது. பின்னால் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். கம்பு விளைந்த காட்டில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் தென்னையும் ஏறின. 1932ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் பெருகியிருந்தன. மின்சாரம் ஊர் ஊராகப் போனபோது அரிசி மில்லும் கூடவே போனது. உலக்கை ஓய்ந்தது. பெண்களின் தோளுக்கு அது பெரிய விடுதலை. அதை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் உமியோடு சேர்த்துத் தவிடும் போனது. 1967 மே மாதம் அண்ணாவின் அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த நகரங்கள் சென்னையும் கோவையும். 2008ல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லாமல் மாதம் 20 கிலோ.

இந்த அரிசியைக் குறைசொல்பவர்கள் தாது வருடப் பஞ்சத்தை மறந்தவர்கள். 1876 தொடங்கி இரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் பஞ்சத்தில் கோயம்புத்தூர், சேலம் பகுதிகள் பட்ட பாடு பெரிது. தலைமுறை தலைமுறையாக, நெல்லஞ்சோறு கிடைக்காததையே வறுமை என்று அறிந்திருந்த மக்களுக்கு அரிசி வந்தது, பட்டினி போனது. எந்த நோயைக் காரணம் காட்டியும் அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: அரிசி அவ்வளவு மலிவாக வந்தபோது பயறு கூடவே மலிவாக வரவில்லை. கம்புக்குப் பதில் சோறு வந்தது மாற்றத்தின் பாதி. வட்டலின் நடுவில் சோற்றுக் குவியல் உயர, பருப்பு சோற்றை நனைக்கும் தண்ணீராக மெலிந்தது மறுபாதி.

இதை வெறும் ஊகமாக விட வேண்டியதில்லை. 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு 2020ல் வெளியானது. நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச்சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 20 விழுக்காடு கூடுதல். தெற்காசியாவை மட்டும் தனியே எடுத்தால் 61 விழுக்காடு. சீனாவிலும் சோறுதான் உண்கிறார்கள். அங்கே இவ்வளவு வலுவான தொடர்பு தெரியவில்லை. சோற்றோடு எதை, எவ்வளவு உண்கிறோம் என்பதில் பதில் இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது இன்னும் முக்கியம். 2025ல் இன்டியாப் குழு 1,21,077 பேரின் உணவை அலசி வெளியிட்ட ஆய்வின்படி இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது. புரதம் 12 விழுக்காடுதான். மாவுச்சத்து மிகுதியாக உண்பவர்களிடம் நீரிழிவும் தொப்பையும் மிகுதி. மொத்த ஆற்றலில் ஐந்து விழுக்காட்டளவு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு போன்ற தாவரப் புரதத்தையோ பால்பொருளையோ வைத்துக் கணக்கிட்டபோது நோய் வாய்ப்பு இறங்கியது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசியின் இடத்தில் முழுக் கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைத்தபோது இறங்கவில்லை. ஒரே சமயத்தில் எடுத்த படம் இது. எது காரணம், எது விளைவு என்று முற்றாக நிறுவாது. ஆனாலும் சிறுதானியத்தை மருந்துபோல விற்கும் இந்தக் காலத்தில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கோவையில் ராகி பிஸ்கட், கம்பு நூடுல்ஸ், தினை லட்டு இல்லாத கடை குறைவு. ராகியை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அதன் சர்க்கரை ஏற்றம் சோற்றுக்குச் சளைத்ததாக இருக்காது. தீட்டி வெளுத்த சாமையிலும் தவிடு போய்விடுகிறது. கம்பின் பெருமை அதை உடைத்த கொரகொரப்பிலும், கூட இருந்த கொள்ளிலும், உண்டவர் பின்னால் செய்த வேலையிலும் சேர்ந்தே இருந்தது. அந்த மூன்றையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பொட்டலத்தில் அச்சடித்தால் உடம்புக்கு அது தெரியாது.

சர்க்கரையையும் பேசாமல் விட முடியாது. கோவைக்கு அதில் தனி இடம் இருக்கிறது. 1912ல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918ல் வட இந்திய வயல்களுக்குப் போனது. அதைத் தொடர்ந்து வந்த கோவைக் கரும்புகள்தான் இந்தியாவைச் சர்க்கரை மிகுந்த நாடாக்கின. அதே ஊரின் வேளாண் கல்லூரி வளாகத்தில்தான் கம்புக்கும் சோளத்துக்கும் ராகிக்கும் கோ என்ற அடைமொழியோடு ரகங்கள் பிறந்தன. இரண்டு அறிவியலும் அடுத்தடுத்த வயலில் வளர்ந்தன. ஒன்று மட்டும் நாட்டின் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளைச் சர்க்கரைதான் நஞ்சு, நாட்டுச்சர்க்கரை நல்லது என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமானது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பெருமை உடையது. அந்த மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் நாட்டுச்சர்க்கரையானாலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து கூடுதலாக இருப்பதால் இரத்தச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. நோயுள்ளவர்கள் நிம்மதியாக இரண்டு கரண்டி போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. முக்குக்கு முக்கு இருக்கும் பேக்கரிகளில் தேங்காய் பன்னும் பப்ஸும் நாலு மணிப் பசிக்கான உணவாகிவிட்டன. ஒரு காலத்தில் அந்த நேரத்துக்கு அவித்த தட்டப்பயறோ கடலைக்காயோ இருந்தது.

இனி உழைப்பைப் பற்றி. மாடு பூட்டிக் கவலை இறைத்தவரும் களையெடுத்தவரும் வட்டல் நிறைய உண்டது நியாயம். மோட்டார் தண்ணீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, தோட்டத்துக்கு வண்டியில் போய் வருகிறோம். வட்டலின் அளவு மட்டும் அப்பாரு காலத்து அளவு. நம் உடல்வாகும் இதில் சேர்கிறது: பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்த உடல் இந்தியர்களிடம் பரவலாக இருப்பதைப் புனே மருத்துவர் யாஜ்னிக் நீண்ட நாள் ஆராய்ந்து காட்டினார். எடை இயந்திரத்தை மட்டும் நம்பினால் இவர்கள் தப்பிவிடுவார்கள். உண்டபின் சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது வெறும் சம்பிரதாயப் புத்திமதி இல்லை என்பது அதனால்தான். மில்லில் அரை நைட்டும் முழு நைட்டும் மாறி மாறிப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். இரவில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. ஷிப்ட் வேலைக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோவை, திருப்பூர்த் தொழிலாளர்களைப் பற்றிப் பேசும்போது இது அபூர்வமாகவே நினைவுக்கு வருகிறது.

எல்லாவற்றையும் உணவின் தலையில் கட்டவும் கூடாது. நல்லாம்பட்டிக்குப் போன குழு, உழைக்கிற உடம்புகளில் இவ்வளவு நோய் ஏன் என்று மேலும் தேடியது. உடலில் ஆர்சனிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் சேர்ந்து தேங்கியிருப்பதற்கும் நீரிழிவுக்கும் இரத்தக்குழாய்த் தடிப்புக்கும் தொடர்பிருப்பதாக 2020ல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2017ல், மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பூச்சிமருந்தைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது உண்டாகும் பொருள் கல்லீரலில் புதிதாகக் குளுக்கோஸ் உற்பத்தியைத் தூண்டுவதை எலிகளில் காட்டியிருந்தார்கள். மருந்தடித்த கையோடு சாப்பிட உட்கார்ந்த ஒரு தலைமுறைக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தி இல்லை.

ஆனாலும் வட்டல் நம் கையில் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் நடத்தி 2006ல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களை மூன்றாண்டு தொடர்ந்தபோது, ஆலோசனை பெறாதவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 விழுக்காட்டினர். ஒரு மாத்திரையும் இல்லாமல் கிடைத்த வித்தியாசம் அது. நல்லாம்பட்டியில் வாசற்படியில் நிற்பவர்களுக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்று நினைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது எளிது. வட்டலில் சோறோ கம்போ களியோ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கெட்டியாகக் கடைந்த கொள்ளோ பச்சைப்பயறோ, கூடவே கீரையோ காயோ. அசைவம் உண்பவர்களுக்கு முட்டை, மீன். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதத்துக்கு எல்லை உண்டு. இந்த இரு சாராரும் மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

வீட்டோடு முடிகிற வேலையும் இல்லை இது. நியாயவிலைக் கடையில் பல குடும்பங்களுக்கு அரிசி விலையில்லாமல் 20 கிலோ. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு அட்டைக்கு ஒரு கிலோ. இருபதுக்கு ஒன்று என்ற இந்த விகிதம்தான் ஏழை வீட்டு வட்டலின் விகிதமும். 2023ல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள், நல்ல தொடக்கம். கொங்கு மாவட்டங்களில் அந்த இரண்டு கிலோ கொள்ளாகவும் பச்சைப்பயறாகவும் இருக்கட்டும் என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு. வாங்கிக்கொள்ள அரசு தயாரானால் மேட்டாங்காட்டில் விதைக்க ஆள் வருவார்கள். தண்ணீர் இல்லாத காடு இன்னும் நிறையவே இருக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையைத் திண்ணையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். யார் வீட்டில் என்ன வேகிறது என்று அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளும் அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேர்ந்தால் போதும்: "நேத்து ராவுக்கு வட்டல்ல பருப்பு எவ்வளவு இருந்துச்சுங்க?"